தொட்டி சுனையாகாது

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கோடை வந்தால் சுனைகள் வற்றுகின்றன. வனத்துறை சிமெண்டுத் தொட்டிகளில் லாரித் தண்ணீர் ஊற்றுகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. யானை குடிக்கட்டும், யானை மேல் நமக்கென்ன பகை? தொட்டியைக் காட்டி, வேலை முடிந்தது என்று சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

மழைக்கு நிறைந்து வெயிலுக்கு வற்றுவது காட்டுக் குட்டையின் இயல்பு. வற்றுவதால் மீன் தங்காது. மீன் இல்லாததால் தவளை முட்டை பிழைக்கும். ஆனா தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கச் சில வாரமாவது தண்ணி நிக்கணும். பத்து நாள்ல வத்திப் போனா அத்தனையும் சேத்தோட சேறாக் காய்ஞ்சு போகும். இப்போது மழை பெய்யும் விதமே மாறிவிட்டது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஒரு நாள் கொட்டி, மாசக்கணக்கா ஓய்ஞ்சிட்டா குட்டையில் என்ன மிஞ்சும்? உலகத்தின் நீர்நில வாழ்விகளில் 100-க்கு 41 வகை அழியும் நிலையில் இருப்பதாக 2023-ல் கணக்குச் சொன்னார்கள்.

எந்தப் பாறையடியில் எந்த மாசம் வரைக்கும் தண்ணி நிக்கும்? தேனுக்கும் கிழங்குக்கும் அலைந்த பளியருக்குத் தெரியும். 1988-ல் சாம்பல்நிற அணில் சரணாலயம், 2021-ல் புலிகள் காப்பகம் என்று பலகை மாறியது. காட்டைக் காக்கும் உரிமையையே 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பேசினால் மட்டும் அதிகாரிகளுக்குக் காது அடைத்துக்கொள்கிறது.

மலையில் நடப்பது மலையோடு நிற்பதில்லை. அந்த ஓடைகள்தான் வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வருகின்றன. தென்மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்து, ராத்திரியும் பகலும் வயலுக்குத் தண்ணி பாய்ச்சியவர்கள் பெரும்பாலும் நம்ம சனங்கதான். நிலம் அவனுக்கு, மம்பட்டி நமக்கு. கண்மாய் வத்தினா நிலக்காரனுக்கு ஒரு போகம் நட்டம். கூலிக்காரிக்கு? விடியுமுன்னே கம்பெனி வண்டி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வறண்ட காற்று தோதானது, சிவகாசிக்கு அது வரம் என்று எழுதுகிறார்கள். யாருக்கு வரம்?

டெல்லியில் புகை மூடினால் உச்சநீதிமன்றம் விழித்துக்கொள்கிறது. 2018-ல் பேரியம் உப்புக்குத் தடை வந்தது. நல்லதுதான், மருந்து அள்ளுற கைக்கும் நல்லதுதான். வேலை போனவளுக்கு மாத்து வேலை யார் குடுத்தது?

சுனைகளைக் கணக்கெடுங்கள். பளியர்களின் கிராம சபையைக் கூட்டி, அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கணக்கெடுங்கள். வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்ற வரும்போது கரையோரக் குடிசையை விட்டுவிட்டு, பெரிய பட்டாக்காரன் வேலியிலிருந்து ஆரம்பியுங்கள்.