அழும் பிள்ளையும் களைத்த தாயும்

கைக்குழந்தை ஓயாமல் அழுதால் நம் வீடுகளில் தீர்ப்பு உடனே வந்துவிடும். “இது அடம்பிடித்த பிள்ளை” என்பார்கள். இல்லாவிட்டால், “உம்மாவுக்கு வளர்க்கத் தெரியாது” என்பார்கள். இரண்டுமே அநீதியான தீர்ப்புகள் என்பது என் கருத்து.

குழந்தைகள் வெவ்வேறு சுபாவத்துடன் பிறக்கின்றன என்பது உண்மைதான். மனநல மருத்துவத் தம்பதியரான அலெக்சாண்டர் தோமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் நியூயோர்க்கில் தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை சமாளிக்கக் கடினமான சுபாவமுடையதாக இருந்தது. ஆனால், சுபாவத்தோடு சூழலும் சேர்ந்துகொள்கிறது. கடன், கணவரின் வேலையிழப்பு, இடநெருக்கடியான வீடு என்பவை கர்ப்பிணியின் தூக்கத்தைப் பறிக்கின்றன. பிரசவத்தின் பின்னும் கவலை ஓய்வதில்லை. களைத்த தாய்க்குச் சாதாரண அழுகையும் தாங்க முடியாததாகிறது. அவளது பதற்றம் பிள்ளையைத் தொற்ற, அழுகை இன்னும் கூடுகிறது.

இந்தச் சுழலை உடைக்கலாம். நெதர்லாந்தின் டிம்ஃப்னா வான் டென் பூம் 1994இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வருமானமுள்ள 100 தாய்மாரும் எளிதில் எரிச்சலடையும் அவர்களின் குழந்தைகளும் இடம்பெற்றனர். பாதிப்பேரின் வீடுகளுக்கு, குழந்தையின் ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில் மூன்று முறை சென்று, பிள்ளையின் குறிப்பறிந்து நடக்க உதவினர். அக்குழந்தைகளின் அழுகை குறைந்தது. தாயுடனான பிணைப்பும் உறுதியானது.

அந்த உதவி ஆறாம் மாதத்தில் கிடைத்ததைக் கவனியுங்கள். நம்மிடையே பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் கண்ணாய்க் கவனிப்பார்கள். நாற்பத்தோராம் நாள் அடுப்படி, துணி துவைத்தல், இரவு விழிப்பு எல்லாம் அவள் தலையில்தான். வசதியுள்ளவள் உதவிக்கு ஆள் வைப்பாள். ஏழை என்ன செய்வாள்?

பெற்றோரே, மகளையும் மருமகளையும் ஒன்றாகப் பாருங்கள். வாப்பாமார் தினமும் சிறிது நேரம் பிள்ளையை ஏந்தினால் தாய் கண்ணயர்வாள். குடும்பநல உத்தியோகத்தர் வரும்போது பிள்ளையின் நிறையோடு தாயின் மனச்சோர்வையும் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. சகோதரிகளே, பக்கத்து வீட்டில் பிள்ளை அழுதால் குறை சொல்லாமல், “கொஞ்சம் தாங்க, நான் வைத்திருக்கிறேன்” என்று கை நீட்டுவோம்.

வறுமையை ஒழிப்பது அரசின் கடமை. அதுவரை ஒரு தாயைத் தனியே விடாதிருப்பது நம் கடமை.