ஆகஸ்ட் மாசம் அம்மாபேட்டைக்கு கேமராவோட வர்றவங்களுக்கு

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். நடுவுல இருக்குற நாள் பூரா என் டைம்லைன்ல ஒரே படம்தான் வருது. ஆள் மாறும், தறி மாறும், படம் மாறாது. கருப்பு வெள்ளை. முகம் முழுக்கச் சுருக்கம். பின்னாடி மங்கலா ஒரு தறி. கீழ "அழிந்துவரும் கலையின் கடைசி ரேகைகள்"னு ஒரு வரி, கூடவே ஒரு உடைஞ்ச இதயம்.

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. கேமரா வாங்கி இன்னும் முதல் வருஷம் முடிக்காதவங்க பொறுமையா படிங்க. சேலம் அம்மாபேட்டையைப் பத்திதான் பேசுறேன் (ஈரோடு பக்கமும் தஞ்சாவூர் பக்கமும் இதே பேர்ல ஊர் இருக்கு, அவங்க கோச்சுக்க வேணாம்). இங்க நெசவாளிங்க என்கிட்ட வைத்தியத்துக்கு வர்றவங்க. அதனாலதான் வாயைத் திறக்குறேன்.

முதல் வருஷம் எப்படிப் போகும்னு இப்ப எல்லாருக்கும் மனப்பாடம். இ.எம்.ஐ.ல கேமரா. முதல் மாசம் வீட்டுச் செம்பருத்தி, பூனை. அடுத்து 50 மி.மீ. லென்ஸ் ஒண்ணு வாங்கி, எதை எடுத்தாலும் பின்னணியை மங்கலாக்குறது. அப்புறம் ஏற்காடு மஞ்சுமூட்டம். லைக் ஏறல. "கதை சொல்ற படம் எடுங்க"னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றார். கதைன்னா வயசானவங்க, ஏழைங்க. ஞாயித்துக்கிழமை காலைல பத்துப் பேர் பைக்ல அம்மாபேட்டைக்கு வந்து இறங்குறாங்க.

நான் சண்டைக்கு வர்றது அந்த ஞாயித்துக்கிழமையோடதான்.

அந்தப் படங்களை ஒரு டாக்டரா பார்த்தா எனக்குத் தெரியுறது வேற. "கடலைப் போன்ற கண்கள்"னு தலைப்பு வெச்சு ஒரு பாட்டி முகம் ஓடுது. பெருசு பண்ணிப் பாருங்க. கருவிழி ஓரத்துல சாம்பல் வளையம் மட்டும்னா அது பெரும்பாலும் வயசுக்கு வர்றது, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா கண்ணோட நடுப்புள்ளி கருப்பா இல்லாம வெள்ளையா இருந்தா, அது முத்தின கண்புரை. கடலும் இல்ல, கவிதையும் இல்ல. அந்தம்மாவுக்கு அந்தக் கண்ணுல வெளிச்சத்தைத் தவிர பெருசா ஒண்ணும் தெரியாது. இன்னும் விட்டா உள்ள அழுத்தம் ஏறி, வலி வந்து, இருக்குற பார்வையும் நிரந்தரமா போகலாம்.

நீங்க அந்தக் கண்ணு மேல துல்லியமா ஃபோகஸ் வெச்சீங்க. இமை முடி எண்ணுற அளவுக்குக் கூர்மை. "பாட்டி, இந்தக் கண்ணுல பார்வை தெரியுதா?"ன்னு கேட்க அஞ்சு செகண்ட் ஆகியிருக்குமா? சேலத்துல மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. கண்புரை ஆபரேஷனுக்குக் காசு வேணாம். பார்வையிழப்புத் தடுப்புக்குன்னு தேசியத் திட்டம் 1976-லயே ஆரம்பிச்சாச்சு. ஆபரேஷன் நேரம் நீங்க லைட்ரூம்ல அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்குன நேரத்தை விடக் குறைவாத்தான் இருக்கும்.

அடுத்தது கைகள். "உழைப்பின் கைகள்". விரல் நுனி மூட்டு முண்டு முண்டா இருக்குறது தேய்மானம். குழித்தறில கால் ரெண்டையும் பள்ளத்துக்குள்ள விட்டு, குனிஞ்சு, நாள் முழுக்க மிதிச்சு நெய்யுறவங்களுக்கு இடுப்பும் முட்டியும் என்ன ஆகும்னு உங்க படத்துல வராது. அது வரணும்னு நான் சொல்லல. ஆனா ஒருத்தரோட வலியை "டெக்ஸ்சர்"னு கூப்பிடுறப்ப கொஞ்சம் கூச்சம் வரணும்.

ஒரு நெசவாளியம்மா சக்கரைக்கு மாத்திரை வாங்க வருவாங்க. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். "பேரு, தெரு வேணாம் சார், விஷயத்தை எழுதுங்க"ன்னாங்க. அவங்க வாசல்ல தார் சுத்திட்டு இருந்தப்ப ஒரு பையன் படம் எடுத்துட்டுப் போயிருக்கான். ரெண்டு மாசம் கழிச்சு அது "மூன்று வேளை உணவுக்குப் போராடும் கைகள்"னு ஒரு பக்கத்துல வந்து ஊரெல்லாம் பகிர்ந்திருக்கு. அந்தம்மா பையனை இன்ஜினியரிங் படிக்க வெச்சவங்க. சொந்த வீடு. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டுல அந்தப் படத்தைக் காட்டி, "வசதி இருக்குன்னீங்களே?"ன்னு கேட்டிருக்காங்க. அவங்க என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "சாப்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்."

படத்துல பொய் இல்ல. அந்த வரிதான் பொய். எழுதுன பையனுக்கு அது பொய்னே தெரியாது, ஏன்னா அவன் பேசவே இல்ல.

இப்ப பதில்கள் வரும். எனக்குத் தெரியும்.

"பொது இடம் சார், சட்டப்படி தப்பில்ல." தெருவுல எடுக்குறதுக்குப் பொதுவா தடை இல்லதான். ஆனா வாசல் தாண்டித் தறிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சா அது ஒருத்தர் வீடு. எங்க தொழில்ல இதுக்கு விதி இருக்கு. 2002-ம் வருஷத்து மருத்துவ நெறிமுறைகள்ல 7.17-ம் பிரிவு: நோயாளியை அடையாளம் தெரியுற மாதிரி இருக்குற படத்தை அவர் அனுமதி இல்லாம டாக்டர் வெளியிடக் கூடாது. அவரைக் காப்பாத்துன டாக்டருக்கே அந்த உரிமை இல்ல. ஞாயித்துக்கிழமை பைக்ல வந்தவருக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?

"அவங்களே சிரிச்சுட்டு நின்னாங்க சார்." இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச சிரிப்பு. வார்டுல ஒரு கட்டிலைச் சுத்திப் பத்து மாணவங்க நின்னு "வயித்தைக் காட்டுங்கம்மா"ன்னா, அந்தம்மா சரின்னு தலையாட்டுவாங்க. அது சம்மதம் இல்ல. எதிர்ல பேன்ட் போட்டு, கைல கருவியோட, இங்கிலீஷ் கலந்து பேசுறவங்க நின்னா நம்ம ஊர்ல தலை தானா ஆடும். வேணாம்னு சொல்ல வசதி இருந்தாத்தான் சரின்னு சொன்னதுக்கு மதிப்பு. "வேணாம்னா வேணாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல"ன்னு முதல்ல நீங்க சொல்லணும். சொல்லிப் பாருங்க, எத்தனை பேர் "அப்ப வேணாம் தம்பி"ன்னு சொல்றாங்கன்னு.

"கேட்டுட்டு எடுத்தா இயல்பு போயிடும் சார்." பத்து நிமிஷத்துல ஓடுறவனுக்குப் போகும். நாலு மணி நேரம் உக்காந்து பாருங்க. நெய்யுறவங்களுக்கு உங்களைப் பார்த்துட்டு இருக்க நேரம் கிடையாது. இழை அறுந்தா முடியணும், நாடா ஓடணும், கூலி புடவைக்கு இவ்வளவுன்னுதான், மணிக்கணக்குல இல்ல. அரை மணில உங்களை மறந்துடுவாங்க.

"அப்ப லூயிஸ் ஹைன் மாதிரி ஆளுங்க எடுக்கலயா?" நல்ல கேள்வி. 1908-ல இருந்து அமெரிக்காவுல பஞ்சாலைகள்ல வேலை பார்த்த குழந்தைகளை எடுத்தவர் ஹைன். முதலாளிங்ககிட்ட பொய் சொல்லி உள்ள போன ஆள்தான். ஆனா பிள்ளைங்களோட பேர், வயசு, என்ன வேலைன்னு முடிஞ்சவரை கேட்டுக் குறிச்சிட்டு வந்தவர். சட்டைப் பொத்தானை அளவா வெச்சுப் பிள்ளைங்க உயரத்தைக் கணக்குப் பண்ணினார்னு சொல்வாங்க. அந்தப் படங்க குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கான போராட்டத்துல ஆதாரமா நின்னுச்சு.

இன்னொரு பக்கம், 1936-ல டோரதியா லாங் எடுத்த "புலம்பெயர்ந்த தாய்". உலகத்துக்கே தெரிஞ்ச முகம். லாங் பேர் கேட்கல. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்ங்கிற அந்தப் பேர் வெளிய வந்தது 1978-ல, 42 வருஷம் கழிச்சு. அந்தப் படத்தால தனக்கு ஒரு காசு வரலன்னு அந்தம்மா வருத்தப்பட்டாங்க. லாங் எவ்வளவு பெரிய கலைஞர்னு எனக்கும் தெரியும். அவ்வளவு பெரிய கலைஞரே பேர் கேட்காம வந்தா இப்படி ஆகுது. முதல் வருஷத்துல இருக்குற நாம எம்மாத்திரம்?

சரி, எடுக்கவே வேணாமா? எடுங்க. தாராளமா எடுங்க. கத்துக்க அம்மாபேட்டையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. காரணம் சுருக்கம் இல்ல, வெண்பட்டு.

சேலம் வெண்பட்டு வேட்டி தெரியும்ல? அதை ஆட்டோல எடுத்துப் பாருங்க, சாம்பலா வரும். எது முன்னாடி இருந்தாலும் அது நடுச்சாம்பல்தான்னு நினைச்சு வெளிச்சத்தைக் கணக்குப் பண்றது கேமரா மீட்டரோட குணம். வெள்ளை வெள்ளையா வரணும்னா ஒரு ஸ்டாப், ஒண்ணரை ஸ்டாப் ஏத்தணும். போன்ல திரையைத் தொட்டு அந்தச் சூரியக் குறியை மேல தள்ளுங்க. இப்ப அதே ஃபிரேம்ல கருத்த முகம் ஒண்ணு வந்தா? பட்டைக் காப்பாத்தினா முகம் போகும், முகத்தைக் காப்பாத்தினா பட்டு வெளுக்கும். ஜன்னல் பக்கம் ஆளைத் திருப்பணும், இல்ல ஜன்னல்ல ஒரு பழைய வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மெதுவாக்கணும். இந்த ஒரு கணக்குக்கே மூணு மாசம் ஆகும். நம்ம ஊர்க் கல்யாணம் எதை எடுத்தாலும் இதே கணக்குதான், அதனால வீண் போகாது.

தயவு செஞ்சு போன்ல பியூட்டி மோடை அணைச்சுடுங்க. கருப்பை வெளுப்பாக்குற வியாதி கேமராவுக்குப் பழசு. கோடாக் காலத்துல கலர் பிரிண்ட் சரிபார்க்க அனுப்புன மாதிரிப் படத்துல வெள்ளைக்காரப் பொண்ணு முகம்தான் இருந்துச்சு. அந்தத் தோலுக்குச் சரியா வந்தா படம் சரி. எங்க பக்கமும் யோக்கியம் இல்ல. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் கருத்த தோல்ல ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டுதுன்னு 2020-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்துச்சு. பாட்டி முகத்தை இருக்குற நிறத்துல எடுக்கத் தெரிஞ்சா முதல் வருஷத்துல பாதி தேறியாச்சு.

மீதிப் பாதி ஷட்டர். எல்லாத்தையும் 1/500-ல உறைய வைக்காதீங்க. தறிக்கூடத்துல அவ்வளவு வெளிச்சமும் இருக்காது, படம் பூரா புள்ளி புள்ளியா வரும். தூண்ல முழங்கையைச் சாய்ச்சு 1/15-ல எடுங்க. ஆள் நிப்பாங்க, நாடா ஓடும். பத்துல ஒண்ணுதான் சரியா வரும், பரவால்ல.

40 தாண்டி கேமரா தொட்டவங்களுக்கு மட்டும் ஒண்ணு. "லென்ஸ் ஃபோகஸ் ஆகல"ன்னு சர்வீஸ் சென்டருக்கு அலையாதீங்க. வியூஃபைண்டர் பக்கத்துல சின்னதா ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பி உள்ள தெரியுற எழுத்து தெளிவாகுற இடத்துல நிறுத்துங்க. கெட்டது கேமரா இல்ல, உங்களுக்கு வெள்ளெழுத்து.

அதே வெள்ளெழுத்து எதிர்ல தறில உக்காந்திருக்குறவங்களுக்கும் இருக்கு. அவங்க முடியுறது முடி அளவு இழை. அசாம் தேயிலைத் தோட்டத்துல 40 வயசுக்கு மேற்பட்ட தொழிலாளிங்களுக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தாங்க. 2018-ல லான்செட் குளோபல் ஹெல்த்ல வந்த ஆய்வு. கண்ணாடி கிடைச்சவங்க பறிச்ச இலையோட அளவு, கிடைக்காதவங்களை விட 20 சதவீதத்துக்கு மேல கூடுச்சு. சாதாரணக் கண்ணாடி. உங்க லென்ஸ் முன்னாடி மாட்டுற ஃபில்டரை விட விலை குறைவு.

படம் எடுத்தா பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடுங்க. பாதி பேருக்குத் தன்னோட நல்ல படம்னு ஒண்ணே இருக்காது. இருந்தாலும் ஆதார்ல இருக்குறதுதான். கலர்ல கொடுங்க. அரக்கும் மாம்பழ மஞ்சளும் நெய்யுற ஊர் இது. கருப்பு வெள்ளைல கொடுத்தா "என்னப்பா, செத்தவங்க படம் மாதிரி இருக்கு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்வாங்க. சரியாத்தான் சொல்வாங்க.

பேர் போடச் சொன்னா பேர் போடுங்க. அவங்க சொன்ன ஒரு வரியை எழுதுங்க, உங்க கவிதை வேணாம். கூலி பத்தலன்னு அவங்க சொன்னா அதையும் எழுதுங்க, விசைத்தறிப் புடவையைக் கைத்தறின்னு விக்கிறவங்களைப் பத்தித் திட்டினா அதையும் எழுதுங்க. அந்தக் கோபத்தைத் தூக்கிட்டு "அழிந்துவரும் கலை"ன்னு போட்டா, யாரும் எதுவும் செய்யாம அது தானா அழியுற மாதிரி ஆகிடுது.

ஒரு உதவி கேட்டு முடிச்சுக்கிறேன். இந்த வாரம் அம்மாபேட்டைல எடுத்த படம் யார்கிட்ட இருந்தாலும் ஒரு தடவை பெருசு பண்ணிக் கண்ணை மட்டும் பாருங்க. நடுப்புள்ளி வெள்ளையா இருந்தா அதைப் பொதுவுல போட வேணாம், இங்க கமென்ட்லயும் வேணாம். எந்தத் தெரு, எந்தப் பக்கத்து வீடுன்னு எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் நேர்ல போய் அவங்ககிட்ட பேசிக்கிறேன்.