பழைய ஸ்பீக்கர் மேல் விழும் பழி

“செகண்ட் ஹேண்ட்ல எது வேணா வாங்குங்க சார், ஸ்பீக்கர் மட்டும் வாங்கிடாதீங்க. அதெல்லாம் ஆயுசு முடிஞ்ச சாமான். அந்தக் காசுக்கு நல்ல சவுண்ட்பாரே வந்துடும்.” கடைக்காரர் முதல் மச்சான் வரை எல்லோர் வாயிலும் இதே பேச்சுதான். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட முழுசாக நிற்கவில்லை.

முப்பது வருஷம் ஆன ஸ்பீக்கர் செத்துப்போயிருக்கும் என்பது முதல் காரணம். ஸ்பீக்கருக்குள் அப்படி என்ன இருக்கிறது? காந்தம், செப்புக் காயில், கோன், கோனைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் விளிம்பு, மரப்பெட்டி, உள்ளே ஒலியைப் பிரித்துக் கொடுக்கச் சின்னதாக ஒரு கிராஸ்ஓவர். ஃபெரைட் காந்தம் நம் காலத்தில் வலுவிழக்கப் போவதில்லை. காயில் பொசுங்காதவரை அதற்கும் வயது கிடையாது. பெரும்பாலும் மூப்படைவது இரண்டு மட்டும்: ஃபோம் விளிம்பு, கிராஸ்ஓவரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஃபோம் பிசுபிசுத்து, விரல் பட்டாலே உதிரும். அதைப் பார்த்துவிட்டு ‘ஸ்பீக்கரே போச்சு’ என்கிறார்கள். போனது விளிம்பு மட்டும்தான். அளவு பார்த்துப் புது வளையம் வாங்கி ஒட்டினால் அதே கோன், அதே காயில் பழையபடி பாடும். ரப்பர் விளிம்பு வைத்தவற்றுக்கு அந்த வேலையும் பெரும்பாலும் இல்லை. ஒலிபரப்பு வண்டிகளுக்காக பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ பெட்டிகள் இன்றும் பாடுகின்றன, கொள்ளை விலைக்கும் போகின்றன.

கண்டென்சர் விஷயம் இன்னும் எளிது. அதே மைக்ரோஃபாரட் அளவில் நான்-போலார் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். பிளஸ் மைனஸ் போட்ட சாதாரண வகை ஆகாது. எதை மாற்றினாலும் இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் இடம் ஒரு விதமாகவும் வலம் ஒரு விதமாகவும் பாடும்.

அடுத்தது வாட் புராணம். 50 வாட் ஸ்பீக்கருக்கு 100 வாட் ஆம்ப் போட்டால் கிழிந்துவிடுமாம். 20 வாட் ஆம்ப் போட்டால் சத்தமே வராதாம். கைக்கு அடக்கமான செட்டில்கூட ‘பிஎம்பிஓ 1000 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலத்தின் மிச்சம் இது. ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை. சத்தத்துக்குப் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற கணக்கு. 3 டெசிபல் கூட வேண்டுமானால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் எழுப்பும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்ப 40 வாட் தேவை. பழைய பெரிய பெட்டிகள் பல இந்த விஷயத்தில் தாராளம். சின்ன ஆம்பே போதும். வீட்டு ஹாலில் நிதானமாகக் கேட்கும்போது ஓடுவது பெரும்பாலும் ஓரிரு வாட்தான்.

அப்படியானால் கீச்சொலிக்கான ட்வீட்டர் ஏன் பொசுங்குகிறது? பல சமயம் காரணம் பெரிய ஆம்ப் இல்லை; சின்ன ஆம்பை முழுசாகத் திருகி, சத்தம் கரகரத்த பிறகும் விடாமல் ஓட்டுவதுதான். கைக்கு அடக்கம் இருந்தால் 100 வாட் ஆம்ப் ஒன்றும் செய்யாது. உண்மையில் பொருத்திப் பார்க்க வேண்டியது ஓம். ஆம்பின் பின்பக்கம் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை காட்டும்; 4 ஓம் மூன்று சொச்சம் காட்டும். ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகக் கட்டினால் 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப் சூடாகிச் சாவது இங்கேதான், வாட்டில் இல்லை.

‘ஜோடி சரியா அமையாது’ என்பதில் பாதி உண்மை உண்டு. ஒற்றையாகக் கிடைப்பதை, அதன் இணை பிறகு கிடைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. பேஸுக்கான ஊஃபர் போன பெட்டியில் ‘எட்டு இன்ச்சுக்கு எட்டு இன்ச்’ என்று வேறொன்றை மாட்டுவதும் வீண். கோனின் எடை, அதைத் தாங்கும் விளிம்பின் இளக்கம், பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவு மூன்றும் ஒன்றோடொன்று கணக்குப் போட்டு அமைந்தவை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். ஆனால் ஒரே மாடலாக, கலையாத ஜோடியாக இருந்தால் சோதித்து வாங்க ஐந்து நிமிஷம் போதும். கோனின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அமுக்குங்கள். ‘சர்’ரென்று உரசினால் காயில் இடம் மாறிவிட்டது, விட்டுவிடலாம். அடுத்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்து மோனோப் பாட்டு ஒன்று, பிறகு ஸ்டீரியோவாக மாற்றாத பதிவாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தால் குரல் நெற்றிக்கு நேரே வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கும் பட்சத்தில், இரண்டு பெட்டியின் வயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் குறை ஆம்பில், மாறாவிட்டால் அந்தப் பெட்டியில். குரல் அறை முழுக்கச் சிதறி, பேஸும் மெலிந்து கேட்டால் பயப்பட வேண்டாம். ஒரு பெட்டியில் வயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டால் தெரிந்துவிடும்: செல்லின் பிளஸ் சிவப்பு முனையில் பட்டால் வழக்கமாகக் கோன் வெளியே தள்ளும். முக்கியமானது, இரண்டு பெட்டியும் ஒரே திசையில் தள்ளுவது.

‘ஸ்பெஷல் கேபிள் செலவு தனி’ என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்து மீட்டருக்குப் போய்த் திரும்பினாலும் தடை 0.12 ஓம் சுமார்தான்.

மிச்சம் சவுண்ட்பார். டிவி வசனம் தெளிவாகக் கேட்க அது நல்ல சாமான்தான். பாட்டுக்கு அது ஈடாகாது. ஒரே பட்டைக்குள் இடமும் வலமும் அடைபட்டிருந்தால் எவ்வளவு ஸ்டீரியோ வந்துவிடும்? அதன் உள்ளே ஒரு போர்டு போனால் மொத்தமும் குப்பைக்கு. பழைய பெட்டியில் போவதற்குப் போர்டே கிடையாது.

எல்லாப் பழசும் வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஈரத்தில் ஊதிய துகள்பலகைப் பெட்டி, எலி கடித்த கோன், கிடைக்காத ரகத்து ட்வீட்டர் பொசுங்கியது, இவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாட்டுப் போட்டுக் காட்ட மறுப்பவரிடம் பேரமும் வேண்டாம். வாங்கி வந்ததை மழைக்கு ஓதம் இறங்கும் சுவரில் ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். முன்பக்கத் துணியைக் கழற்றாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் முதலில் விரல் போவது ட்வீட்டர் குமிழுக்குத்தான்.