காணி முதலில், மின்சாரம் பிறகு

ஸ்கொட்லாந்து 2022 ஆம் ஆண்டில் பாவித்த மின்சாரத்தை விடக் கூடுதலாக, அதன் 113 சதவீதத்தை, காற்று, நீர் போன்ற வற்றாத மூலங்களிலிருந்தே உற்பத்தி செய்தது. பெரும்பங்கு காற்றாலைகளுடையது. கடலலையும் வற்றுப்பெருக்கும் தருவது இன்னும் மிகச் சொற்பமே.

கடலில் சக்தி இல்லாமலில்லை. பெருநிலத்துக்கும் ஓர்க்னித் தீவுகளுக்கும் இடையிலான பென்ற்லண்ட் நீரிணையில் நீரோட்டம் காட்டாறு போலப் பாய்கிறது. அங்கே கடலடியில் நிறுத்திய நான்கு சுழலிகளின் மொத்தக் கொள்ளளவோ 6 மெகாவாற். உப்புநீர் இரும்பை அரிக்கும். பழுதுபார்க்கக் கப்பல் வேண்டும். 2004 இல் ஓர்க்னியில் அலையிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டிய பெலாமிஸ் கம்பனி 2014 இல் நொடித்துப் போயிற்று. ஆகவே, "எமது கடலில் இத்தனை சக்தி உண்டு" என்று எவரும் கணக்குக் காட்டும்போது நாம் சற்று நிதானிப்பது நல்லது. கடலில் இருப்பது வேறு, வீட்டு விளக்குக்கு வந்து சேர்வது வேறு.

ஓர்க்னியில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சி உற்பத்தியாகிறது. ஆயினும் வெளியே கொண்டுசெல்லும் வடம் போதாமையால், ஊரவர் சேர்ந்து நிறுவிய காற்றாலைகளைக்கூட அடிக்கடி நிறுத்தி வைக்க நேர்ந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வசதியற்ற குடும்பங்களும் அதே தீவுகளில்தான் வாழ்கின்றன.

எய்க் என்னும் சிறு தீவின் கதை வேறு. 1853 இல் அதன் குறூலின் கிராமத்துக் குடிகளை, ஆடு வளர்ப்பதற்காக நிலவுடைமையாளர் வெளியேற்றினார். காணியை விட்டு எழும்புவது என்னவென்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பின்னரும் தீவு கைமாறிக் கைமாறி விற்கப்பட்டது. குடியிருந்தோரை எவரும் கேட்கவில்லை. 1997 இல் தீவவர் பலரிடமும் நிதி திரட்டி, 15 இலட்சம் பவுணுக்கு அதை மீட்டார்கள். 2008 இல் ஓடைநீர், காற்று, வெயில் மூன்றையும் இணைத்துத் தமக்கென மின்சாரம் அமைத்தார்கள். எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. வசதி படைத்தவருக்கும் அதே அளவுதான். மிஞ்சுவது பொது மண்டபத்தைச் சூடாக்குகிறது.

இந்த ஒழுங்கு தற்செயலானதல்ல என்பது எமது அபிப்பிராயம். நாளை எழுப்பப்படலாம் என்ற நிலையில் யார்தான் காற்றாலை நடுவார்? கடலடியோ அங்கே பெரும்பாலும் முடிக்குரியது. கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது. அக்குத்தகையில் கரையில் வாழ்வோருக்கும் வலை வீசுவோருக்கும் ஒரு பங்கும் ஒரு வாக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். சுழலிகள் கடலில் இறங்கிய பின் கேட்டால் அது கிடைக்காது.