அந்த ஒரு மணி நேரம் யாருக்கு?

வருடக் கடைசியில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் கூட்டிப் பார்க்கிறோம். நமக்காக நாம் என்ன செய்துகொண்டோம் என்று என்றைக்காவது கணக்குப் பார்த்திருக்கிறோமா? இந்த வருடம் நான் பார்த்தேன். அதைச் சகோதரிகளிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்தவள். போன தை மாதம், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கென்று ஒதுக்கி மூன்று விஷயம் பழகுவது என்று முடிவு செய்தேன். சைக்கிள் ஓட்டுவது, நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பது, எம்ப்ராய்டரி போடுவது.

சைக்கிள், பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. ஏரிக்கரையில் அவள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள, நான் மிதித்தேன். நாலு தடவை விழுந்து முட்டி தேய்ந்தது. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா சைக்கிளு?" என்றார் மாமியார். "தையல் கத்துக்கிட்டாலாவது மாசம் ரெண்டாயிரம் வரும். இதுல என்ன பிரயோஜனம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

வயசைப் பற்றிச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கேரளாவில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-ல், 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மார்க் வாங்கியவர். 'பிரயோஜனம்' என்ற வார்த்தைதான் மனசை உறுத்தியது. அவர் ஞாயிற்றுக்கிழமை பூரா டிவியில் கிரிக்கெட் பார்க்கிறார். அதனால் என்ன பிரயோஜனம் என்று நாம் கேட்கிறோமா? மகளிர் குழுவில்கூடப் பயிற்சி என்றால் தையல், ஊறுகாய், மசாலாப்பொடிதான் பேச்சு. வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிற எனக்கு ஒரு ரூபாயின் அருமை தெரியும். ஆனால் இருக்கிற ஒரு மணி நேரமும் இன்னொரு வேலையாகிவிட்டால், நமக்கென்று என்னதான் மிச்சம்?

புதுக்கோட்டையில் நடந்ததை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலும் ஓட்டினார்கள். அப்போதும் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்கள் பிறகு சைக்கிளில் தண்ணீர் கொண்டு வந்தார்கள், காய்கறி ஏற்றிப் போனார்கள். அதெல்லாம் சரி. ஆனால் யார் துணையையும் எதிர்பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற தைரியத்தை எந்த ரூபாயில் கணக்குப் போடுவது?

நான் பத்தாவது முடித்த 2004-ல், "பஸ்ஸை நம்பி பொம்பளப் புள்ளய அனுப்ப முடியாது" என்று அப்பா என் படிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் வகுப்பில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த இரண்டு பெண்கள் மட்டும் மேலே படிக்கப் போனார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது மனதிலேயே இருந்தது. ஏரிக்கரையில் மகள் கையை எடுத்ததுகூடத் தெரியாமல் நான் ஓட்டிப் போன அன்றைக்குத்தான் அது கொஞ்சம் ஆறியது.

மற்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது புத்தகம் படித்தேன். அதில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத்தில் பாடுபடுகிறவர்களின் கதை. நம் மாவட்டத்து மரக்காணம் உப்பளத்தை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். அங்கே நிற்கிறவர்களின் கால் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் நினைத்ததில்லை. ராத்திரியில் உரக்கப் படிப்பேன். சைக்கிள் எதுக்கு என்று கேட்ட மாமியாரே, "மீதிய நாளைக்குப் படி, தூங்கிடாதே" என்பார். எம்ப்ராய்டரி மட்டும் தோல்வி. தலையணை உறையில் பாதிப் பூவோடு நிற்கிறது.

கடைசியில் ஒரு உண்மை. என் மகள் நன்றாகப் படம் வரைவாள். "படம் வரைஞ்சா மார்க்கு வருமா?" என்று நானும் எத்தனையோ நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். என்னிடம் கேட்டபோது வலித்த அதே கேள்விதான் அது. இனிமேல் அவளிடம் கேட்க மாட்டேன்.

சகோதரிகளே, வரும் வருடம் நீங்களும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் அதே ஒரு மணி நேரத்தை, கேள்வி கேட்காமல் கொடுங்கள்.

- ஒரு வாசகி, வல்லம், விழுப்புரம் மாவட்டம்.