ஸ்மோக்கரை எங்கே வைப்பது?

எல்கடுவையில் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் நக்கிள்ஸ் பக்கம் வெள்ளையாக மூடும், அரைமணி நேரத்தில் தகரம் அதிரும். அப்படியான ஒரு சனிக்கிழமைதான் நாங்கள் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தோம்.

கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த நம்ம நண்பன் ஒருத்தன் ஊருக்குத் திரும்பும்போது பழைய எலக்ட்ரிக் ஸ்மோக்கர் ஒன்றைக் கொண்டுவந்தான். கீழே ஹீட்டர், அதற்கு மேலே மரத்தூள் தட்டு, தண்ணீர்த் தட்டு, கம்பி அடுக்குகள். ஹுணஸ் நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்களுக்கு வார இறுதியில் புகைபோட்ட கோழி விற்கலாம் என்பது திட்டம். புகை நமக்குப் புதிதில்லை. விறகடுப்புக்கு மேலே இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

மூன்றாவது வாரம், கோழி பாதி வெந்திருக்கும்போது மழை பிடித்தது. "தூக்கிக் காம்பராவுக்குள்ள வைடா" என்று நாங்கள் கத்தினோம். அவன் கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றி, கோழியை மட்டும் உள்ளே கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினான். அன்று எங்களுக்குக் கோபம். இப்போது சொல்கிறோம், அவன் செய்ததுதான் சரி.

ஸ்மோக்கர் கரண்டில் ஓடினாலும் உள்ளே இருப்பது மரம். அது சுவாலை இல்லாமல் புகைந்து எரிகிறது. அப்போது வருவது கார்பன் மொனொக்சைட். நிறமும் இல்லை, மணமும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், மழைக்காகக் கதவையும் சாத்திவிட்டால், தலைவலி என்று படுத்தவர் எழும்பாமலே போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்மோக்கரைத் தார்ப்பாயால் மூடுவதும் வேண்டாம். அது தீப்பிடிக்கும்.

அடுத்தது கரண்ட். நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 800 வாட் ஸ்மோக்கர் மூன்றரை அம்பியர் அளவு இழுக்கும். மெல்லிய வயர் கோட்டைச் சுருட்டியபடியே போட்டால் சூடேறி உருகும். கோட்டை முழுசாக விரித்து, இணைப்பை நிலத்தில் விடாமல் உயரத்தில், நனையாத இடத்தில் வைக்க வேண்டும். எர்த் இருக்க வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். முதல் முழக்கத்துக்கு முன்னமே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

பாதியில் நிறுத்திய கோழியை 'மழை விட்டதும் பார்ப்போம்' என்று அப்படியே வைக்கக்கூடாது. இளஞ்சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். உடனே வேறு அடுப்பில் போட்டு, உள்ளே 74 பாகை செல்சியஸ் வரும்வரை வேகவைக்க வேண்டும்.

பாவிக்காத நாட்களில் எப்படி வைப்பது? ஆறிய பிறகு சாம்பலைக் கொட்டி, கொழுப்பைத் துடைத்து, அடுக்குகளைக் கழுவிக் காயவைத்து, கல் மேல் தூக்கி வைத்து மூட வேண்டும். பொலித்தீனை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணமும் துருவும் பிடிக்கும். கீழே காற்று போக இடம் விடுங்கள். இன்னொன்று: மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த ஹீட்டருக்குள் ஈரம் இறங்கும். திரும்பப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழும். அப்போது நம்மாட்கள் செய்கிற முதல் வேலை ட்ரிப் சுவிட்சை விலக்கி நேராக வயர் கொடுப்பது. உயிரைக் காப்பாற்றிய சாமானைத்தான் அப்படிக் கழற்றி எறிகிறோம். எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இவ்வளவும் எழுதியபிறகு ஒன்று உறுத்துகிறது. இந்தச் சாமான்களோடு வரும் கையேடு 'வெளியில் பாவிக்கவும், மழையில் பாவிக்க வேண்டாம், உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று சொல்லும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் உள்ளவருக்கு அது ஒரு வரி. லயத்தில் இருப்பவருக்கு அந்த மூன்றாவது இடம் எங்கே? காம்பரா, இஸ்தோப்பு, அதைத் தாண்டினால் மழை. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர், எர்த் இல்லாத பிளக் பொயின்ட், தகரக் கூரை. மின்னொழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்துவிட்டோம்! ஒவ்வொரு முறையும் 'கவனயீனம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

கவனம் நம்ம பொறுப்புதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கவனமாக இருக்கவும் ஒரு இடம் வேண்டும். 2023 இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காணி, வீடு என்று கேட்டார்கள். அந்த வீட்டுக் கணக்கில் நாம் இரண்டு சின்ன விசயங்களைச் சேர்க்கச் சொல்கிறோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர், எர்த், ட்ரிப் சுவிட்ச். புது வீடு வரும்வரை ஒவ்வொரு லயத்துக்கும் பக்கங்கள் திறந்த, கூரை உயர்ந்த ஒரு பொதுக் கொட்டில். ஸ்மோக்கருக்கு மட்டுமில்லை, மிளகு காயவைக்க, தையல் மெஷின் போட, கல்யாண வீட்டுச் சமையலுக்கு, எல்லாத்துக்கும்.

நம்ம நண்பன் இப்போதைக்கு நான்கு மரத்தூணும் பழைய தகரமும் வைத்து ஒன்றைக் கட்டியிருக்கிறான். எர்த் போட எலக்ட்ரீஷியன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து வேலையை முடிக்கும்வரை ஸ்மோக்கர் கல் மேல், மூடியபடி இருக்கிறது. வியாபாரம் நின்றது நட்டம்தான். அந்த நட்டத்தை அவன் ஒருவனே சுமக்கிறான் என்பதுதான் நம்ம முறைப்பாடு.