கற்றல் பேறுகளை யார் எழுதுவது?

2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலம் அகற்றப்பட்டிருந்த காலம் அது. அனுமதியும் மேற்பார்வையும் பற்றிய கேள்விகள் அப்போதே எழுந்தன. அவற்றோடு வடிவமைப்புக் கேள்வியும் ஒன்று இருக்கிறது: தற்காலிகக் கடவையில் எத்தனை பேர் ஏறலாம், புத்தகப்பையோடு வரும் பிள்ளை எங்கே நிற்பது, எச்சரிக்கை எந்த மொழியில் எவ்வளவு பெரிய எழுத்தில் இருப்பது? கோணேசபுரியிலுள்ள திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வடிவமைப்புப் பட்டநெறி ஒன்று தொடங்கப்படுமானால், இத்தகைய கேள்விகளுக்கு விடைகாணும் திறன் அதன் கற்றல் பேறுகளில், அதாவது படித்து முடிப்பவர் எதைச் செய்ய வல்லவராக இருக்க வேண்டும் எனும் பட்டியலில், முதலிடம் பெற வேண்டும். அத்தகைய கடவைகளைத் தினமும் கடந்து வளர்ந்த மாணவர்களைக் கேளாமல் அதை எழுத முடியாது.

மாணவர் குரலுக்குச் சட்டத்தில் இடமுண்டு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பீடச்சபையில் தெரிவுசெய்யப்பட்ட மாணவர் இருவருக்கு ஆசனம் தருகிறது. ஆனால் பேறுகளின் முதல் வரைவு உருவாவது பெரும்பாலும் விரிவுரையாளர்களின் சிறு குழுவில்தான். பீடச்சபைக்கு வரும்போது அது முடிந்த ஆவணம். மாணவருக்கு மிஞ்சுவது பருவ முடிவில் நிரப்பும் கருத்துப் படிவம் மட்டுமே. அதனால் பயன்பெறுவது அடுத்த அணி. 2015இல் ஐரோப்பிய உயர்கல்வி அமைச்சர்கள் ஏற்றுக்கொண்ட தர நியமங்கள், பட்டநெறியை வடிவமைக்கும் கட்டத்திலேயே மாணவரை ஈடுபடுத்தக் கோருகின்றன. பயன்படுத்துவோரைக் கேட்டபின் வரையத் தொடங்கு என்பது வடிவமைப்புத் துறையின் முதற்பாடம். அதைக் கற்பிக்கும் பட்டநெறியே மாணவரைக் கேளாமல் உருவாவது எனக்குப் பெரும் முரணாகப் படுகிறது.

கற்காததைப் பற்றி மாணவர் எப்படிச் சொல்வர், தரத்தைத் தளர்த்தத்தானே கேட்பர் என்பார்கள். இந்த அச்சம் பொருளற்றதல்ல. ஆனால் பட்டத்தின் மட்டத்தை இலங்கைத் தகைமைகள் சட்டகம் ஏற்கெனவே வரையறுத்திருக்கிறது. பரீட்சையும் புள்ளியும் விரிவுரையாளர் கையிலேயே இருக்கும். மாணவரிடம் கேட்பது வேறு: இப்போதுள்ள பட்டநெறிகளில் எழுதிய பேறு எந்தப் பாடத்தில் கைகூடியது, எது தாளில் மட்டும் நின்றது, தமிழும் சிங்களமும் பேசும் திருகோணமலை மாவட்டத்தில் என்ன வேலை காத்திருக்கிறது? இதற்கு இறுதி ஆண்டு மாணவரைவிட நல்ல சாட்சி இல்லை. மாணவர் அரசியல் புகுந்துவிடும் என்ற தயக்கத்துக்கும் வழியுண்டு. சங்கப் பதவி பார்க்காமல் ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் இருவர், பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற சிலர், மூதூர், கிண்ணியா, குச்சவெளி, கந்தளாய் எனப் பல இடத்தவரும் இருக்கும்படி தெரிந்து முதல் வரைவிலேயே சேர்க்கலாம். அவர்கள் முன்வைத்தவற்றில் எது ஏற்கப்பட்டது, எது என்ன காரணத்தால் விடப்பட்டது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிந்து எல்லா மாணவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.